எல்தோவின் ஞாயிற்றுக்கிழமை எடை

வடம் இழுக்கும் போட்டிக்குக் கையில் வலு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் கோதமங்கலம் பக்கம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஒரு குழுவின் ஏழு பேரும் தராசில் ஏறினால் மொத்தம் நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. நூறு கிராம் கூடினாலும் வடத்தைத் தொட விடமாட்டார்கள். எங்கள் குழுவில் மற்ற ஆறு பேரும் சேர்ந்து முந்நூற்று எண்பத்தொன்று. மீதி எழுபத்து நாலு என் பங்கு. வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பவன் நான், எல்தோ. பன்னிரண்டு வருடமாக அது என் இடம். இந்த ஓணத்துக்கு அது எங்கள் மாற்று ஆள் ஷிஜோவின் கைக்குப் போகவிருந்தது.

காரணம் என் வாய்தான். மழை தொடங்கியபோது நான் எழுபத்தொன்பது கிலோ. விடியற்காலை முந்நூறு ரப்பர் மரம் சீவி, பிறகு மலையேறி ஓடி, திங்கள் முதல் சனி வரை ஒழுங்காகக் குறைப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகளோடு மூன்று கிளாஸ். அதில் பெரிய சேதமில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சேதம். பத்து பரோட்டா, சட்டி நிறைய மாட்டுக்கறி, அதற்கு மேல் மரவள்ளிக்கிழங்கு. ஒருநாள் காலைக்கு வைத்திருந்த ஆப்ப மாவைக்கூட நானே சுட்டுத் தின்றிருக்கிறேன். மறுநாள் ரப்பர் ஷீட் கடைத் தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கும். வெட்கத்தில் காலையில் பட்டினி கிடப்பேன், மத்தியானம் இரண்டு மடங்கு தின்பேன்.

எங்கள் ஆசான் பவுலோஸ் சேட்டனிடம் இதற்கு ஒரே மருந்துதான். "சாயங்காலம் குடிக்கப் போறியா? காலைலேர்ந்து வயித்துல எதையும் போடாத. கணக்கு சரியாயிடும்." ஏழு பேரும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

என் மனைவி ஜின்சி ஒரு சனிக்கிழமை சமையலறையைப் பூட்டிப் பார்த்தாள். நான் நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்த் தின்றேன். அண்ணி அதைச் சபை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் காலை எடை எழுபத்து மூன்று கிலோ அறுநூறு கிராம். நெஞ்சு துள்ளியது. ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் குழுவில் ஒருவனான பேசிலின் மகனுக்கு ஞானஸ்நான விருந்து. போகாமல் இருக்க முடியாது, போனால் குடிக்காமல் விடமாட்டார்கள். வழக்கம்போலப் பட்டினியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். ஜின்சி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இச்சாயா, போன புதன்கிழமை உங்க தம்பி வந்தப்பவும் மூணு கிளாஸ் குடிச்சீங்க. அன்னிக்கு ஏன் சட்டியக் காலி பண்ணல?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும். அன்னிக்கு வயிறாரச் சாப்ட்டுட்டுத்தான் குடிச்சீங்க. சனிக்கிழமை மட்டும் நாள் பூரா காஞ்சு கெடந்துட்டுப் போறீங்க. திரும்பி வர்றது நீங்க இல்ல, உங்க பசி. எழுந்திரிங்க, சோறு போட்டாச்சு."

"நாளைக்கு எடை பாக்குறாங்கடி!"

"அதுக்குத்தான் போட்டிருக்கேன்."

மணி நாலு. சோறு, மத்திக் குழம்பு, பயறு, அவித்த முட்டை இரண்டு. முதல் கவளத்தைப் பயந்து பயந்து விழுங்கினேன், இரண்டாவது தானாக இறங்கியது. பாதித் தட்டில் வாசலில் பைக் வந்து நின்றது. பவுலோஸ் சேட்டன்!

"அடப்பாவி! நாளைக்குத் தராசு, இன்னிக்கு விருந்தா? ஷிஜோவுக்குச் சொல்லி அனுப்புறேன், அவன் நிக்கட்டும்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். ஜின்சி அதைத் திரும்ப என் முன்னால் நகர்த்தினாள். "சேட்டா, நாளைக்குத் தராசுல ஏத்திப் பாருங்க. கூடினா நானே அவர் பனியனைக் கழட்டி ஷிஜோ கையில குடுக்குறேன்."

"பாப்போம், பாப்போம்" என்று உறுமிவிட்டுப் போனார்.

விருந்தில் ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அதுவும் ஜின்சியின் உத்தரவு. மறுநாள் காலை எழுந்ததும் சமையலறைக்கு ஓடினேன். சட்டி மூடியது மூடியபடி இருந்தது, கறி ஒரு துண்டுகூடக் குறையவில்லை. "ஜின்சீ!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆனாலும் கடைத் தராசில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் மைதானத்தில் ஒவ்வொருவராக ஏறினார்கள். முதல் ஆளிலேயே ஆசானின் முகம் மாறியது. முந்நூறு கிராம் அதிகம். பேசில் ஏறினான், ஐந்நூறு அதிகம். பகல் முழுக்கக் காய்ந்துவிட்டு விருந்தில் மொத்தமாக வழித்துத் தின்றிருக்கிறார்கள், படுபாவிகள்! ஆறு பேரும் சேர்ந்து முந்நூற்று எண்பத்தொன்றும் எண்ணூறு கிராமும். என் பங்கு எழுபத்து மூன்று கிலோ இருநூறாகச் சுருங்கிவிட்டது.

"ஆண்டவரே" என்றார் ஆசான். பேசில் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏறினேன். மூச்சுக்கும் எடை இருக்குமோ என்று பயந்து அதையும் வெளியே விட்டேன். எண்கள் ஓடின. எழுபத்து மூன்றரை. எழுபத்து மூன்று. மறுபடி மேலே. நின்றது.

"எழுபத்து மூணு கிலோ நூறு!" என்றார் நடுவர். "மொத்தம் நானூத்தம்பத்து நாலு தொள்ளாயிரம். தேறிட்டீங்க!"

ஆறு பேரும் என் மேல் விழுந்தார்கள். பேசில் என்னைத் தூக்கிச் சுற்றினான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதில் என்ன வெட்கம்? தராசைப் பார்த்தால் ஒளிந்து போனவன், இன்று ஆறு பேரின் பாரத்தையும் தாங்கியிருக்கிறேன்!

ஆசான் மட்டும் கூட்டத்தில் இல்லை. மைதானத்து ஓரத்தில் நின்ற ஜின்சியிடம் போய்க்கொண்டிருந்தார். சண்டைக்குத்தான் போகிறார் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன்.

"ஜின்சி, நேத்து அந்தச் சோத்துக்கு என்ன கொழம்பு?"

"மத்தி, சேட்டா."

"வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். ஆக்கிப் போடுவியா?"

"அதுக்கென்ன, ஏழு பேர்தானே?"

ஆசான் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் நிற்பதைக் கவனித்தும் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"எட்டு பேர். என் வீட்லயும் ராத்திரி சட்டி மிஞ்சுறதில்ல."