ஐந்தாவது நட்டு

அந்த ஆளுக்கு எல்லாரும் வைத்த பெயர் கிரேன். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. இரும்பு பீரோவை ஒத்தை ஆளாக முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறுகிற உடம்பு. அப்பேர்ப்பட்ட ஆசாமி காலை பத்து மணிக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு சுண்டைக்காய் நட்டிடம் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தான்.

பஞ்சர் ஆவதற்கு இந்தக் காருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவன் மகளுக்குக் காதுக் கருவியை முதன்முதலாக ஆன் செய்யப்போகிறார்கள். பிறவியிலேயே காது கேளாத மூன்று வயதுக் குழந்தை. ஆபரேஷன் செய்து கருவியைப் பொருத்தி ஒரு மாதம் ஆகிறது. அவள் காதில் விழும் முதல் சத்தம் தன் குரலாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் இவன். மூன்று வருஷமாக அவள் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை வறண்டவன். "குட்டிம்மா" என்ற அந்த ஒரு வார்த்தைக்குக் குளியலறையில் ஒத்திகை வேறு. மனைவி குழந்தையோடு முந்தின நாளே போய்விட்டாள்.

அவசரத்தில் முதலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டான். நட்டைத் திருகினால் சக்கரமும் கூடவே சுற்றியது. துணைக்கு வந்திருந்த தங்கை இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். அவள் பல் டாக்டர்.

"ராட்டினமா சுத்தறே? இறக்குண்ணா. சக்கரம் தரையில அழுத்தி நிக்கறப்பவே நட்டை இளக்கணும்."

இறக்கினான். ஸ்பேனர் மேல் ஏறி நின்றான், குதித்தான். அது வழுக்கி அவன் முழங்காலைப் பதம் பார்த்ததுதான் மிச்சம். ஐந்து நட்டும் துருப்பிடித்து, கல்லுளிமங்கன்கள் மாதிரி அப்படியே இருந்தன.

"நகரு" என்றாள் தங்கை.

"நீயா? ஊதினா பறந்துடுவே. இதென்ன பல்லு புடுங்கற வேலையா?"

"அதேதான்."

கைப்பையிலிருந்து புது பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்தாள். நட்டைச் சுற்றி, போல்ட்டின் திருகுமறையில் படிந்திருந்த துருவைத் தேய்த்தெடுத்தாள். தலைக்குத் தடவும் எண்ணெயில் நாலு சொட்டு விட்டாள். ஜாக்கிக் கம்பியால் மெதுவாகத் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டிவிட்டு, ஸ்பேனரை மாட்டித் திருப்பினாள்.

"ஏய்! இறுக்கற பக்கம் திருப்பறே!"

"ஒரு இம்மிதான். பல்லையே முதல்ல உள்ள அழுத்தித்தான் வெளிய எடுப்போம். பிடி விடணும்ல?" பிறகு நட்டைப் பார்த்து, "அவ்வளவுதான் கண்ணு, வலிக்காது" என்றாள்.

கிரீச் என்று ஒரு சத்தம். நட்டு சொன்னபடி கேட்டது. கிரேன் வாயைப் பிளந்தான். இத்தனை வருஷம் 'குச்சி, குச்சி' என்று கேலி செய்த இந்தத் தங்கச்சியிடம் இப்படியொரு கையா!

"வாயை மூடுண்ணா, சொத்தை தெரியுது."

நாலு நட்டுகள் இளகின. ஐந்தாவதற்கு அவனுக்குப் பொறுமையில்லை. ஸ்பேனரைப் பிடுங்கி, ஏறி ஒரே மிதி. படக்கென்று போல்ட் முறிந்து நட்டோடு கீழே விழுந்தது.

"வேரை உடைச்சிட்டியே, பாவி!"

முறிந்ததை அவன் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். காரைத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டி, மிச்ச நாலு நட்டையும் எதிரெதிராக இறுக்கி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். மணி பதினொன்று நாற்பது. "அவர் வராம தொடக் கூடாது" என்று மனைவி அதுவரை எல்லாரையும் பிடித்து வைத்திருந்தாள்.

குழந்தை கதவுக்கு முதுகைக் காட்டி, மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த டாக்டரம்மா, "ஆன் பண்ணிட்டேன். கூப்பிடுங்க" என்று கையைக் காட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. இத்தனை ஒத்திகையும் எங்கே போனதோ, கண்தான் பொங்கியது. துடைக்கக் கைக்குட்டையை உருவினான். கூடவே அந்த நட்டும் வந்து தரையில் விழுந்தது.

ணங்!

குழந்தையின் தோள் தூக்கிப்போட்டது. திரும்பினாள்.

போச்சு! பாழாய்ப்போன நட்டு முந்திக்கொண்டது. ஆனால் அவள் திரும்பிவிட்டாளே, சத்தத்துக்குத் திரும்பிவிட்டாளே! மனைவி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

குழந்தை நட்டைப் பொறுக்கி அவனிடம் நீட்டினாள். அவன் மண்டியிட்டு, அதை வாங்கிக் கீழே போட்டான். ணங். அவள் சிரித்தாள். மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி போட்டான். மூன்றாம் தடவை நட்டை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, உடைந்த குரலில் கூப்பிட்டான்.

"குட்டிம்மா."

அவள் அவன் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை. தரையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்து, அவன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

அவன் மறுபடி கூப்பிட்டான்.