ஒன்று நாற்பதுக்குக் கையெழுத்து

என் கணவர் கஸ்தூரிரங்கன் கையெழுத்துப் போட்டால் கீழே தேதி போடுவார். தேதியோடு நிறுத்திக்கொண்டால் தேவலை. மணியும் போடுவார். பிள்ளையின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டானாலும் சரி, பதிவுத் தபால் சீட்டானாலும் சரி, ‘7-35 காலை’ என்று எழுதினால்தான் அவருக்கு மனசு ஆறும். ஆடிட் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம். பொய்யான ஒரு காகிதத்தில்கூடத் தன் கையெழுத்து கிடையாது என்று சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும், உண்மைதான். ஆனால் அந்த உண்மையோடு குடித்தனம் நடத்துகிறவள் நான் அல்லவா!

இந்த மனிதருக்கு இனாம் என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. “கடைக்காரன் அவாளுக்குச் சம்பளம் குடுக்கறான். அந்தச் சம்பளம் நாம குடுத்த விலையில இருக்கு. மேல நாமளும் குடுத்துண்டே இருந்தா, அவன் சம்பளத்தை ஏத்தவே மாட்டான்” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வியர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

எண்பத்தாறில் எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. மே மாத வெயில். முதுகில் தூக்கிக்கொண்டு வந்த ஆளுக்கு இவர் பெரிய டம்ளர் நிறைய மோர் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் கேட் வரைக்கும் போய், திரும்பி என்னைப் பார்த்து, “மோர் நல்லா இருந்துச்சும்மா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏழு வருஷமாக அந்த ஃபிரிட்ஜைத் திறக்கிறபோதெல்லாம் அந்தக் குரல் ஒரு தடவையாவது காதில் விழும்.

ஆகையால் தொண்ணூற்று மூன்று நவம்பரில் வாஷிங் மெஷின் வாங்குவது என்று ஆனபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். மெஷின் என் பணம். தாம்பரத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. இவருடைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்து என் மணிக்கட்டு போனது போனதுதான். இந்தத் தடவை ஒருத்தரையும் வெறும் மோரோடு அனுப்ப மாட்டேன் என்று சொல்லி, இருபது ரூபாய் நோட்டு ஒன்றைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். சொன்னது எனக்குள்தான். இவரிடம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

சனிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் பன்னிரண்டுக்குத்தான் வந்தது. அதுவும் தெருமுனை வரைக்கும்தான். எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குச் சேறு. இரண்டு பேர் மெஷினைச் சாக்கால் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் பெயர் அந்தோணிசாமி. ஐம்பது இருக்கும், முறுக்கின கயிறு மாதிரி கை. கூட வந்தவர் தசரதன், கொஞ்சம் குண்டு, வாய் ஓயாது.

“இன்னா சார், இது ரோடா ஏரியா? ரயில்வே கேட்டாண்ட அரை அவரு நின்னுகினு இருந்தோம். அத்த வுட்டா இங்க நீச்சலு!” என்றார் தசரதன்.

“பஞ்சாயத்துக்கு நாலு லெட்டர் எழுதியாச்சு” என்றார் இவர், குடையைப் பிடித்துக்கொண்டு. குடை மெஷினுக்கு. இவர் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். சட்டைப் பையை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேனா நனைகிறதே என்கிற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின் போக வேண்டிய இடம் மொட்டை மாடி. அங்கேதான் ஷீட் போட்டு, குழாயும் சாக்கடையும் வைத்திருந்தோம். மாடிப்படி இவரே பிளான் போட்டுக் கட்டினது. சிமெண்டு மிச்சம் பிடித்த படி. நடுவில் திரும்புகிற இடத்தில் நானே இடுப்பை ஒடுக்கித்தான் போவேன். மழையில் பாசி வேறு. அந்தத் திருப்பத்தில் அந்தோணிசாமியின் கால் வழுக்கிவிட்டது. இன்னொருவராக இருந்தால் மெஷினை விட்டுவிட்டுத் தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தோணிசாமி மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டியைப் படியில் கொடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஐயோ, அடிபட்டுடுத்தா?”

“ஒண்ணும் இல்லக்கா. மிசினுக்கு ஒரு கீறல் இல்ல” என்றார் மனிதர்!

மேலே கொண்டுபோய் வைத்தார்கள். ஆடாமல் நிற்பதற்குக் காலுக்கடியில் மரச்சில் கொடுத்தார்கள். அழுக்குத் தண்ணீர்க் குழாய் ஒரு முழம் குறைந்தது. அந்தோணிசாமி நொண்டிக்கொண்டே வேனுக்குப் போய், ஒரு துண்டு குழாயும் கிளிப்பும் கொண்டுவந்து ஒட்டுப் போட்டார். அது அவர் செய்ய வேண்டிய வேலையே இல்லை. தண்ணீர் சாக்கடைக்குள் சரியாக விழுகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் மாடியில் தசரதனிடம் பிளக்கைப் பற்றிக் குறுக்கு விசாரணை நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், அந்தோணிசாமி தண்ணீர் கேட்டுக் கீழே வந்தார். முட்டியில் ரத்தம் கசிந்திருந்தது. டெட்டால் வைத்துப் பஞ்சால் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். அப்படியே சர்க்கரை டப்பாவைத் தூக்கி, நோட்டை எடுத்து நீட்டினேன்.

“இன்னாக்கா இது? வேணாம்கா. அட்ட கீது.”

“என்ன அட்டை?”

“ஓனரு புள்ள இப்ப புச்சா ஒரு அட்ட போட்டுகிறாருக்கா. காசு வாங்குனாங்களான்னு அதுல கேட்டுகிது. ஆமான்னு டிக்கு வுழுந்துச்சின்னா ஒரு வாரம் லோடு கெடையாது. போன மாசம் சேலையூர்ல ஒரு வூட்ல அஞ்சு ரூபா குடுத்துட்டு, ஆமான்னு டிக்கும் போட்டுட்டாங்கோ. தசரதன் ஏழு நாளு வூட்லயே குந்திகினு இருந்தான். அந்த அம்மா நல்லவங்கதான், உள்ளத எழுதிட்டாங்க. நம்ம பொழப்பு பேஜாராய்ட்சு.”

“அட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல இதை வெச்சுக்கோங்கோ” என்று சட்டைப் பையில் திணித்து அனுப்பிவிட்டேன். அவர் தயங்கித் தயங்கித்தான் படியேறினார். என் மனசு குளிர்ந்துவிட்டது. ஏழு வருஷத்து மோர் இறங்கின மாதிரி இருந்தது.

டெட்டால் பாட்டிலை மூடினபோதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி! அட்டையில் கையெழுத்துப் போடப்போவது யார்? இவர் அல்லவா!

என்னைக் கேட்காமல் டிக் போடுகிற ஆசாமியா இவர்? கேட்பார். ‘கொடுத்தேன்’ என்று சொன்னால், ஆமாம் என்று எழுதி மணியும் போட்டுவிடுவார். அந்தோணிசாமிக்கு ஒரு வாரம் வேலை போய்விடும். ‘கொடுக்கவில்லை’ என்று சொன்னால், இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பொய்க்குக் கீழே இவர் கையெழுத்து விழும். அதுவும் என்னை நம்பி. திட்டுவேன், சண்டை போடுவேன், அது வேறே. அந்தக் கையெழுத்தைக் கெடுக்க எனக்கு மனசு வருமா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அட்டை இவர் கைக்கு வந்துவிட்டது. சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“மூணாவது கேள்வி. ‘எங்கள் ஊழியர் தங்களிடம் இனாம் பெற்றாரா?’ கேட்டாரான்னு போடலை, பெற்றாரான்னு போட்டிருக்கான். நல்ல டிராஃப்டிங்!” பேனா மூடியைக் கழற்றினார். “சாவித்ரி, நீ ஏதாவது குடுத்தியா?”

எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள், நாற்பத்தாறு வயசில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மெஷின் மூடி மேல் வைத்தார்.

“அக்கா குடுத்தாங்கோ சார். நா கேக்கல, வேணாம்னுதான் சொன்னேன். தோ வெச்சிட்டேன், இப்ப எங்கையில ஒண்ணும் இல்ல. நீங்க உள்ளத எழுதுங்கோ.”

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. நான் கொடுத்த பணத்தால் ஒரு மனிதர் இப்படி நின்று சாட்சி சொல்ல வேண்டியதாகிவிட்டதே! இவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தோணிசாமியின் முட்டியைப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்கறதா?”

“நடந்தா செரியாய்டும் சார்.”

இவர் கேள்வியை இன்னொரு தடவை வாய்க்குள் படித்தார். “இவ குடுத்தா, அவர் திருப்பிக் குடுத்தாச்சு. ஆகக்கூடி இந்த நிமிஷம் வரைக்கும் பெறலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ‘இல்லை’ என்பதில் டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். காலையில் ரேடியோவைக் கேட்டுச் சரிவைத்த கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘1-40 பகல்’ என்று எழுதினார். மை காய ஊதி, அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தசரதனிடம் கொடுத்தார்.

“பத்திரம். நனையப்படாது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆச்சு! இன்னொரு மோர்! நோட்டு மெஷின் மேலேயே கிடக்கிறது, அவர்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கப்போகிறார்கள், இந்த மனிதர் அட்டை நனையப்படாது என்கிறார்! வாயைத் திறக்கப் போனேன்.

“ரெண்டு பேரும் இருங்கோ” என்றார் இவர்.

கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். தசரதனுக்குத் தாங்கவில்லை.

“இன்னா சார்? எதுனா தப்பாப் பூட்சா?”

“ஒண்ணும் இல்லை. முப்பது செகண்டு.”

மூன்று பேரும் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வாஷிங் மெஷினைச் சுற்றிக்கொண்டு நாலு பெரியவர்கள் இப்படி நின்றதை யாராவது பார்த்திருந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு ஃபோன் போட்டிருப்பார்கள்.

“ஆச்சு. ஒண்ணு நாப்பத்தொண்ணு.”

மூடி மேல் இருந்த நோட்டை எடுத்தார். அப்புறம் மழையில் தொட்டுத் தொட்டுப் பார்த்த சட்டைப் பையில் கையை விட்டார். பேனாவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் வந்தன. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நிதானமாகப் பிரித்து, தசரதனுக்கு ஒரு பத்தும், அந்தோணிசாமிக்கு என் இருபதோடு ஒரு பத்தும் நீட்டினார்.

அந்தோணிசாமி பின்னால் நகர்ந்தார். “சார், அட்டயில இல்லன்னு…”

“ஒண்ணு நாப்பதுக்கு இல்லை. நான் எழுதினது அதுதான், அது சத்தியம். அதோட கடைக்காரன் வேலை முடிஞ்சுபோச்சு. ஒண்ணு நாப்பத்தொண்ணுல நீங்க எங்காத்துக்கு வந்தவா. வந்தவாளுக்கு நான் என்ன குடுக்கறேன்னு அவன் அட்டையில கேக்கலை. கேட்டா, எங்கிட்ட வரச்சொல்லுங்கோ.”

“யோவ், வாங்கிக்கயா” என்றார் தசரதன். “சாரு மணி பாத்து குடுக்கறாரு. இன்னும் ஒரு நிமிசம் ஆச்சின்னா மாத்திக்கப்போறாரு!”

அந்தோணிசாமி சிரித்துவிட்டார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இன்னா மூள சார் உங்களுக்கு!” என்றார். இருவரும் சேற்றில் இறங்கித் தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனது மாடியிலிருந்து எனக்குக் கேட்டது. இவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வேனில் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன்னா, அந்த ரெண்டு நோட்டை எப்போ எடுத்து வெச்சுண்டேள்?” என்று கேட்டேன்.

“கார்த்தால.”

“பின்னே இத்தனை நாளா என்னமோ சட்டம் பேசினேளே?”

“சட்டம் சரிதான். அதுல ஒண்ணும் மாத்தம் இல்லை” என்றார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னிக்கு ஃபிரிட்ஜ் கொண்டுவந்தானே, அவன் கேட்டண்டை போய் மோர் நல்லா இருந்துச்சும்மான்னு சொன்னான். நீ மட்டும்தான் கேட்டேன்னு நெனச்சுண்டிருக்கே.”

ஏழு வருஷம் ஒரே குரலை இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். சொல்லித் தொலைத்தால் என்னவாம் இந்த மனிதருக்கு!

கீழே போனேன். சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து இவருக்கு மத்தியானத்தில் காபி கிடையாது. அது நான் போட்ட சட்டம், அதில் இதுவரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. டிகாக்ஷனை இறக்கி, பாலைக் கொதிக்க விட்டு, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

டபராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதுக்கு எங்கே கையெழுத்துப் போடணும்?” என்றார்.

“ஒண்ணும் வேண்டாம், ஆறிப்போறது. குடியுங்கோ” என்றேன்.