வெறுங்கையில் அரைமணி நேரம்

பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். என் கணவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியை இரண்டில் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போயிருந்தார். நான் போர்வைக்குள் மடிக்கணினியைத் திறந்து வைத்து, காதில் ஹெட்போனோடு குனிந்து உட்கார்ந்திருந்தேன். திருட்டுத்தனம் உடம்பில் எங்கே வந்து தங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெஞ்சில் இல்லை, விரல் நுனியில்.

ஐந்து மணிக்குள் என் மேற்பார்வையாளருக்குப் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் மருத்துவமனையின் புதுக் கிளை ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அறுவைக் கருவிகளில் கிருமி நீக்கும் பிரிவுக்கு அங்கே என்னைப் பொறுப்பாளராகக் கேட்டிருந்தார்கள். பகல் வேலை. வருகிறேன், வரவில்லை, இரண்டில் ஒரு வார்த்தை போதும். நான்கு நாட்களாக அந்த வார்த்தையை வாயில் போட்டுக்கொண்டு அலைந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் யாரோடு சிரிக்கிறார்?

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எட்டு மாதம் முன்பு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இறங்கும் குழிக்குள் ஒரு மாடி உயரம் விழுந்தார். முதுகெலும்பில் விரிசல். பகலில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் இரவுப் பணிக்கு மாறிக்கொண்டேன். இரவு முழுக்கக் கத்தரிகளையும் இடுக்கிகளையும் துணியில் மடித்து நீராவிப் பெட்டிக்குள் அடுக்குவேன். காலையில் வீட்டுக்கு வந்து அவர் முதுகில் தைலம் தேய்ப்பேன், இருபது நிமிடம். அவர் குப்புறப் படுத்துக்கொண்டு, "அங்கதான், அங்கதான்" என்பார். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அநேகமாக அவ்வளவுதான்.

ஆனால் நான் படுத்த பிறகு அந்த அறையில் அவர் பேசினார். கம்ப்யூட்டரில் வாளும் மந்திரமுமாக ஏதோ விளையாட்டு. சுவர் வழியே வார்த்தைகள் முழுதாக வராது, சிரிப்பு மட்டும் முழுதாக வரும். கல்யாணமான புதிதில் என்னிடம் சிரித்த சிரிப்பு அது. ஒருநாள் ஒரு வாக்கியமும் தப்பி வந்தது: "குருவி வரலன்னா எனக்கு நாளே ஓடாது." அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. குருவி நான் பயப்படுகிற மாதிரி யாரோதான் என்றால் 'வருகிறேன்' என்று அனுப்புவது. இல்லையென்றால் 'வரவில்லை'. இப்படி ஒரு முடிவோடுதான் போர்வைக்குள் புகுந்தேன்.

உள்ளே நுழைய விளையாட்டு ஒரு பெயர் கேட்டது. யோசிக்க நேரமில்லை. கை இரவெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் பெயரையே போட்டேன்: பஞ்சு.

அந்த விளையாட்டில் நுழைந்தவுடன் யாரும் வீரராகிவிட முடியாது. முதல் அரைமணி நேரம் எல்லோரும் வெறுங்கை. பழைய ஆட்டக்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு புல்வெளியைச் சுற்றிவர வேண்டும். பிறகு நான்கு கதவுகள் உள்ள ஒரு கல்மண்டபம் வரும். கேடயக்காரர், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர். எந்தக் கதவுக்குள் நுழைகிறோமோ அதுதான் ஆட்டத்தில் நம் வேடம். பிறகு மாற்ற முடியாது. வழிகாட்டிகளின் பட்டியலில் 'ஏணி' என்ற பெயரைத் தேடினேன். ஒருமுறை அவர் மேசையில் தண்ணீர் வைக்கப் போனபோது திரையில் பார்த்து மனதில் வைத்திருந்த பெயர். அழுத்தினேன்.

"வாங்க பஞ்சு. முதல் தடவையா?"

முதலில் சுவர் வழியாக வந்தது. அரை நொடி கழித்து அதே வார்த்தைகள் என் காதுக்குள் வந்தன.  மைக் இல்லை என்று தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு எழுத்தையும் பூனை மேல் கை வைப்பதுபோல் அழுத்தினேன்.

"பரவாயில்ல, எழுதுங்க. அவசரமே இல்ல. இங்க யாரும் யாரையும் துரத்தல, அந்த ஓநாய்களைத் தவிர."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்கிக்கொண்டேன். அதுதான் முதல் அடி. நான் என்ன எதிர்பார்த்தேன்? ஒரு கள்ளக் குரலை. கிடைத்தது பொறுமையான குரல். எந்த விசையை அழுத்தினால் நடக்கலாம், எதை அழுத்தினால் குனியலாம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். திரையில் பஞ்சு ஒரு சுவரில் போய் முட்டினால், "அந்தச் சுவரு எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும்" என்றார். வீட்டில் ஒரு மாத்திரை அட்டை எங்கே என்று கேட்டால் கையை மட்டும் நீட்டிக் காட்டுகிறவர். முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பொறாமைப்பட்டேன். அந்த ஒருத்தி நான்தான் என்பது பொறாமையைக் குறைக்கவில்லை.

"பஞ்சு, ஒண்ணு சொல்லவா? பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பாக்கறீங்க. நான் பின்னாடிதான் வர்றேன். போங்க."

போனேன். புதருக்குள்ளிருந்து மூன்று ஓநாய்கள் வந்தன. ஓடுங்க என்றுதான் அவர் சொன்னார். என் கை என்ன செய்தது என்று தெரியவில்லை. பஞ்சு போய் ஏணிக்கு முன்னால் நின்றாள், வெறுங்கையோடு. மூன்று கடியில் செத்துப்போனாள்.

அவர் சிரித்தார், சுவரில் ஒருமுறை, காதில் ஒருமுறை. பிறகு உடனே நின்றுவிட்டது அந்தச் சிரிப்பு. பஞ்சு மறுபடி உயிர்த்து எழுந்தாள்.

நேரம் நாலேகால். மண்டபத்து வாசலுக்கு வந்திருந்தோம். எதை எடுப்பது என்று எழுதிக் கேட்டேன்.

"புதுசா வர்றவங்களுக்கு எல்லாரும் கேடயம்தான் சொல்லுவாங்க. சுலபம். சீக்கிரம் சாக மாட்டீங்க. முன்னாடி நிக்கறது ஒண்ணுதான் வேலை. உங்களுக்கு அது தானாவே வருது, பாத்தேன். ஆனா நான் சொல்ல மாட்டேன்."

ஏன் என்று எழுதினேன்.

 பதில் வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "பின்னாடி நிக்கறவனுக்கு அது பழகிடும். முன்னாடி ஒரு ஆள் நிக்கறதே மறந்துபோயிடும். எனக்குத் தெரியும், விடுங்க. வில்லை எடுங்க. தூரமா நின்னாத்தான் என்ன வருதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஓடணும்னாலும் நேரம் இருக்கும்."

வில்லாளி வேண்டாம் என்று எழுதப் போனேன். தொண்டை கரகரத்து இருமல் வந்தது. போர்வையைக் கடித்தேன். ஆனாலும் அரை இருமல் வெளியே போய்விட்டது.

"ஒரு நிமிஷம்" என்றார் காதில். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

கணினியை முழுதாக மூடினால் ஆட்டம் அறுந்துபோகும். பாதி மூடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, தலைவரை போர்வையை இழுத்தேன். ஹெட்போன் அழுந்தியது. கதவு திறந்தது. கணினியின் சூடு வயிற்றில் ஏறியது. மூச்சை எப்படி விடுவது? தூங்குகிறவள் எப்படி மூச்சு விடுவாள்? பதினோரு வருடமாக என் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்தவர் நிற்கிறார். மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். அவர் அசையவில்லை. பிறகு மின்விசிறி ஒரு படி குறைந்தது. கதவு மூடிக்கொண்டது.

"தூங்கறாங்க" என்றார் காதில். யாரிடம் சொல்கிறார் என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். திரையில் ஏணிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரக் கேடயத்தோடு இன்னொரு உருவம் நின்றது. தலைக்கு மேலே பெயர்: குருவி.

"பக்கத்துல யாரோ நிக்குதே" என்றது குருவி. பெண் குரல்தான். ஆனால் சரளை லாரி இறங்குகிற மாதிரி ஒரு குரல். அறுபதுக்குக் குறையாது.

"புதுசு, அக்கா. எழுதத்தான் செய்யறாங்க. கேட்டாத்தான் என்ன, நம்ம வீட்டு ஆளா?"

"அப்ப சரி. தம்பி, டாக்டர் குடுத்த காகிதத்தை அவகிட்ட காட்டினியா இல்லையா?"

அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். 'வரவில்லை' என்ற வார்த்தையை எடுக்கத் தலையணைக்கு அடியிலிருந்த கைப்பேசிக்குக் கை போயிற்று. அதற்குப் பிறகுதான் மற்ற வார்த்தைகள் உள்ளே இறங்கின. எந்தக் காகிதம்?

"காட்டல."

"மூணு மாசம் ஆச்சுடா. முதுகு சரியாப் போச்சு, வேலைக்குப் போகலாம்னு எழுதிக் குடுத்த காகிதத்தை எவனாவது ஒளிச்சு வைப்பானா? நீ என்ன பள்ளிக்கூடத்துல ஃபெயில் ஆனியா?"

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். போன மாதம் நடைப்பயிற்சி என்று என்னிடம் சொல்லிவிட்டு, பழைய வேலையிடத்துக்குப் போயிருக்கிறார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறியதும் கம்பியைப் பிடித்த கை திறக்கவே இல்லையாம். இரண்டு பேர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லிமுடித்து அவர் மூச்சு வாங்கினார். குருவி அவரைத் திட்டவில்லை. தானும் ஒரு விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட ஒன்றரை வருடம் ஆனது என்றாள். ஆனால் தன் புருஷனுக்கு முதல் நாளே அது தெரியும் என்றாள்.

"இன்னைக்கு அவ எழுந்ததும் சொல்லிடறேன்" என்றார்.

"போன வாரமும் இதையேதான் சொன்ன" என்றது குருவி. அந்த உருவம் கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டது.

மூன்று மாதம். தொண்ணூறு காலைகள். பேருந்தை விட்டு இறங்கி, முகம்கூடக் கழுவாமல், ஆறிப்போன ஒரு காயத்தின் மேல் நான் தைலம் தேய்த்திருக்கிறேன். அங்கதான், அங்கதான். காரணம் வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் கோபிக்க எனக்கு வழி தெரிந்திருக்கும். இது என் கைகளையே ஏமாற்றிய பொய். கூடவே, பிரிக்கப்பட்ட அந்த விரல்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. நிம்மதியாகக் கோபப்படவும் அவை விடவில்லை.

"பஞ்சு, இருக்கீங்களா? மன்னிச்சுக்கோங்க. கதவை எடுங்க."

நான்கு கதவுகள் நின்றன. கேடயக்காரரின் கதவுதான் பக்கத்தில் இருந்தது. இரண்டு அடி. நான் அதைத் தாண்டி நடந்தேன். வில்லாளி என்று எழுதியிருந்த கதவுக்குள் போனேன். உறுதியா, மாற்ற முடியாது என்று திரை கேட்டது. உறுதி என்று அழுத்தினேன். ஹெட்போனைக் கழற்றிவைத்தேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மணி நான்கு முப்பத்தெட்டு.

அவர் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிக்கொண்டு திரும்பினார்.

"தூங்கலையா நீ?"

"இல்ல."

சொல்வாரா? அவர் முகத்தையே பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். "ஒரு நிமிஷம். புதுசா ஒருத்தங்க நிக்கறாங்க. சொல்லிட்டு வந்துடறேன், பாவம்" என்றார். தப்பிக்கிறார் என்று நினைத்தேன்.  அவர் மைக்கில் பேசவில்லை, இரண்டு விரலால் தட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, எனக்கு வந்த கடிதத்தை நான் படித்தேன்.

'பஞ்சு, என் மனைவி எழுந்துட்டாங்க. அவங்ககிட்ட சொன்ன ஒரு பொய்யை இப்பத் திருப்பி எடுக்கணும். நேரம் ஆகும். காத்திருக்காதீங்க.'

வில்லை ஏந்தியபடி பஞ்சு அசையாமல் நின்றாள். அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"டாக்டர் என்னை வேலைக்குப் போகலாம்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு."

வியப்பது மாதிரி நடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. "தெரியும். பஞ்சு நான்தான்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மற்றக் காதிலிருந்தும் ஹெட்போனைக் கழற்றினார். "அப்ப எல்லாத்தையும்…"

"எல்லாத்தையும்."

  நானும் ஒன்றை மறைத்தேன் என்று சொன்னேன். புதுக் கிளை, பகல் வேலை, ஐந்து மணி, எல்லாவற்றையும் சொன்னேன். குருவியைப் பற்றி நான் போட்ட கணக்கையும் சொன்னேன். அதற்கு அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்த வழியிலேயே திரும்பியும் போனது.

நான் வைத்த நிபந்தனைப்படி பார்த்தால் 'வரவில்லை' என்றுதான் அனுப்ப வேண்டும். அவர் கண் முன்னாலேயே 'வருகிறேன்' என்று தட்டி அனுப்பினேன். அது தண்டனை இல்லை. நான் இங்கே இருந்தால் நாளைக் காலையிலும் தைலப் புட்டியைத் திறப்பேன், அவரும் குப்புறப் படுப்பார் என்று எங்கள் இருவரைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணாம் தேதி போறேன்" என்றேன். போறோம் என்று வாய்வரை வந்ததை மாற்றித்தான் சொன்னேன். அவர் அதைக் கவனித்தார்.

"அந்த ஆஸ்பத்திரி எத்தனை மாடி?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒம்போது. லிஃப்ட் இருக்கு."

அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிரித்துவிடப் போகக் கூடாது என்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சிறிது நேரம் கழித்து விரல்கள் தாமாகவே தளர்ந்தன.

"வந்து பாக்கறேன்" என்றார். "எப்பன்னு மட்டும் கேக்காத."

"கேக்கல" என்றேன்.