உதடு ஒட்டாத சொல்

1

இக்கதை பொறாமையில் பிறந்தது. "முன்னுரையில பொய் சொல்லாதீங்கய்யா, முடிவுரையில சொல்லிக்கலாம்" என்று முதியோர் வகுப்பு ஆசிரியை சொல்லியிருப்பதால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் தையற்காரன், நாற்பத்தொன்றாம் வயதில் எழுத்துக் கற்றவன். ஈண்டுப் பிழை காணின் சுட்டுக, காணாவிடின் பாராட்டுக.

தம்பியின் வாழ்க்கை வரலாறாகத்தான் தொடங்கினேன்:

"பொம்மையை மடியில் இருத்தி உதடசையாமல் பேசும் நகைச்சுவைக் கலைஞனாகிய என் தம்பி, இளமையிலேயே கல்வியிற் சிறந்து—"

(சிறக்கவில்லை. ஒரே வகுப்பில் இருமுறை இருந்தான்.)

"அக்கலையில் அவனுக்கு நிகர்—"

(இல்லை என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

2

எழுத்துகளின் பிறப்பு என்னும் பாடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உதடுகள் பொருந்தினால் ப, ம பிறக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் வ பிறக்கும். ஆகவே தம்பியின் பொம்மைக்கு இம்மூன்றும் ஆகா. அதனால் அம்மா, அப்பா, மாமா என எவரையும் அது அழைத்ததில்லை. அதன் பெயரே அதனாற்றான் 'சுண்டெலி'. மேடையில் காண்போர் அனைவரும் அதற்கு 'அண்ணே', தம்பியும் 'அண்ணே'. சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது.*

* 'பொறாமை' என்று சொல்லவும் சுண்டெலிக்கு வராது. எனக்கு வரும்.

3

எழுத்துக் கற்குமுன் எனக்கு அளவுகளை எழுதத் தெரியும். அளவுக்கு உரியவரின் பெயரை எழுதத் தெரியாது. அவரவர் துணியில் ஒரு துண்டு கத்தரித்துக் குண்டூசியால் குத்திவைப்பேன். வகுப்பிற் சேர்ந்த நான்காம் மாதம், தம்பியோடு பேருந்து நிலையத்தில் நின்றபோது சுவரிலிருந்த பலகையை என் வாழ்வில் முதன்முறையாக உரக்கப் படித்தேன்.

"இங்...கே... நிற்... காது... தீர்..." நெற்றி வியர்த்தது. "காது தீர்ந்துடுச்சாடா?"

"நிற்காதீர்ண்ணே. இங்கே நிற்காதீர்."

அப்போது அவன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டான்.

மறுவாரம் அரங்கில் ஐந்நூறு பேர். அதுவரை தனக்கென ஒரு குரலில்லாத சுண்டெலி, என் இழுப்போடும் என் திணறலோடும் ஒரு பலகையைப் படித்தது: "காது தீர்ந்துடுச்சாண்ணே?" கூரை அதிரும் சிரிப்பு. அதன் பிறகு தொலைக்காட்சி, வெளிநாடு, பொன்னாடை. பன்னிரண்டு ஆண்டுகள். சுண்டெலியின் கோட்டுத் தைத்தவன் நீயா என்று கூட என்னை எவரும் கேட்டதில்லை.

(இவ்விடத்தில் 'நான் அவனை மன்னித்தேன்' என்றொரு வாக்கியம் இருந்தது. இலக்கணம் சரி, பொருள் பிழை.)

4

சென்ற மாதம் தம்பியின் தொண்டையில் அறுவை செய்தனர். குரல் போயிற்று. கடைக்கு வந்தவன் என் சுண்ணக்கட்டியை எடுத்து, வெட்டுமேசையில் எழுதினான்:

கடைசி நிகழ்ச்சி. திரைக்குப் பின்னால் நீ பேசு.

எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். அதை அவன் கவனித்தானா என்று பார்த்தேன். கவனிக்கவில்லை.

"ஏன், முன்னால வந்தா ஆகாதா?"

உன் மூஞ்சிக்குத் தனி டிக்கெட் போடணும்.

"குரல் போயும் குசும்பு போகலையேடா! வேற ஆள் பாரேன். எத்தனை மிமிக்ரிக்காரன் இருக்கான்."

அவன் உள்ளங்கையால் மேசையைத் துடைத்தான். பிறகு மெதுவாக எழுதினான்: அது உன் குரல்.

பன்னிரண்டு ஆண்டுகள் நான் கேட்க விரும்பிய மூன்று சொற்கள். தைத்ததும் துடைத்துவிடும் சுண்ணத்தில் எழுதியிருந்தான்.

ஒத்திகைத் தாளின் கடைசிக் கேள்வி தொகுப்பாளருடையது: "சுண்டெலி, இத்தனை வருஷமா உனக்குக் குரல் கொடுத்தது யாரு?" விடையைத் தம்பி தன் கையாலேயே எழுதியிருந்தான்: அண்ணன்.

"டேய், சுண்டெலிக்கு நீயும் அண்ணன். எனக்கு நீ தம்பி. இந்த அண்ணன் யாருடா? நீயா, நானா?"

அவன் ஓசையின்றி வாயைத் திறந்து ஏதோ சொன்னான். உதடுகள் ஒட்டவில்லை. நீ என்றாலும் ஒட்டாது. நான் என்றாலும் ஒட்டாது.

"எழுதிக் காட்டுடா!"

சுண்ணக்கட்டியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனான்.

5

நாளைப் பிற்பகல் நிகழ்ச்சி. முடிவு இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: 'அண்ணன்' என்பேன். கூட்டம் அவனைப் பார்த்துக் கைதட்டும். அது எனக்குரியதோ என்று நான் திரைக்குப் பின்னால் ஆயுள்முழுதும் ஐயுறுவேன்.

இரண்டாம் முடிவு: 'தம்பி' என்பேன். ம்பி! எந்தப் பொம்மையாலும் ஆகாத ஒலி. திரைக்குப் பின்னால் ஒருவன் இருப்பது அக்கணமே வெளிப்படும். ஆயினும் குரல் தந்தவன் அவனே என்று என் வாயாலேயே அவனுக்கு எழுதிக்கொடுத்தவன் ஆவேன்.

(மூன்றாவதாக, ஒன்றும் பேசாமல்— இல்லை. அத்தனை பேர் முன்னிலையில் ஒலிவாங்கி கிடைத்தபின் நான் பேசாதிருப்பேன் என்று நீங்களே நம்பமாட்டீர்கள்.)

என் நினைப்பில் இப்போதே தொகுப்பாளர் கேட்டுவிட்டார். தம்பி விரலை இழுக்க, சுண்டெலியின் வாய் திறந்துவிட்டது. என் வாய் இன்னும் மூடியிருக்கிறது.

வாசகரே, உங்கள் சுட்டுவிரலைத் திறந்த உதடுகளுக்கிடையே படாமல் வைத்துக்கொண்டு விடையை நீங்களே உரக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டா. விரலில் ஏதேனும் பட்டதா?