டிப்ஸ் இல்லா நாட்கள்: 99

"மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை அவனை அழித்தது ஒன்றே ஒன்றுதான். அது எதிர்பாராமல் வருவது."

இந்த மாபெரும் உண்மையை பாக்கியராஜ் அறிவித்தபோது காலை ஆறரை மணி. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இரண்டே பேர். அவருடைய மெஸ்ஸில் பரிமாறும் ஜெரால்டும், பக்கத்து ஆரணியிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஈஸ்வரியும். இருவரும், சாலை போடுகிறவர்கள் அணிவது போன்ற ஆரஞ்சு நிற மினுக்குச் சட்டையைப் புடவைக்கும் பனியனுக்கும் மேலே மாட்டியிருந்தார்கள். பேச்சின் உச்சத்தில், அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. அதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பாக்கியராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வந்த பணத்தில் பைபாஸ் ஓரம் சைவ மெஸ் வைத்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. வந்தவர்களிடம் சிரித்துப் பேசவும் வராது. தெரிந்தது பாதுகாப்பு ஒன்றுதான். அதனால் மெஸ்ஸில் மேசை ஆறு, தீயணைப்புச் சிலிண்டர் நாலு. வாசலில் மஞ்சள் கோடு. ரசம் வாளியில் 'எச்சரிக்கை: சூடான திரவம்' என்று ஸ்டிக்கர். புதிதாக வருகிறவர்கள் உள்ளே ஏதோ பள்ளம் தோண்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு.

ஆலை வாசல்களில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு தொங்கும். தினம் ஒரு எண் கூடும். யாருக்காவது அடிபட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பாக்கியராஜின் காலத்தில் அந்த போர்டு தொட்ட உச்சம் தொண்ணூற்றேழு. அது பூஜ்யமான அன்று ஆலைத் தலைவர் பூவராகவன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "பாக்கியராஜ், நூறுன்றது உங்க ராசியில இல்ல போல." அந்த ஒரு வரியைப் பாக்கியராஜ் பன்னிரண்டு வருஷமாக, நெஞ்செரிச்சல் மாதிரி, கூடவே வைத்திருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதே வாயால் 'நூறு' என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

ஆனால் மெஸ்ஸில் எதை எண்ணுவது? இங்கே யார் மேலும் கம்பி விழுவதில்லை. அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டம்ளருக்கு அடியில் யாரோ விட்டுப்போன இருபது ரூபாயை ஜெரால்ட் எடுத்துப் பையில் போடுவதைப் பார்த்தார். திட்டமிடாமல், அனுமதி வாங்காமல், ஒரு நொடியில் நடந்து முடிந்தது. விபத்துக்கு உரிய எல்லா லட்சணமும் அதில் இருந்தது. விசாரணை உடனே தொடங்கியது.

"எதிர்பார்த்தியா?"

"இன்னாத்த சார்?"

"இருபது ரூபாய."

ஜெரால்ட் யோசித்தான். "எதிர்பார்க்கல சார்."

"எதிர்பாராம வர்றதுக்குப் பேருதான் ஆக்சிடென்ட்."

"அப்ப எதிர்பார்த்தேன்னு வெச்சிக்கோங்க சார்."

"அது இன்னும் மோசம். தெரிஞ்சே நடக்க விட்டிருக்கே."

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கன்னியம்மா சில்லறையை அடுக்கியபடியே குரல் கொடுத்தாள். "சம்பளத்த ஏத்திக் குடுய்யா. அப்பால அதுங்க ஏன் டம்ளர் கீழ பாக்கப் போவுதுங்க?"

"நீ சும்மா இரு. மூல காரணம் அது இல்ல."

மூல காரணத்தைக் கண்டுபிடிக்க, ஆலையில் செய்வதுபோல, ரவை மூட்டையின் காகிதத்தில் பெரிய மீன்முள் படம் வரைந்தார். முள்ளுக்கு ஒரு காரணமாக எழுதிக்கொண்டே போனார். எல்லா முள்ளும் சம்பளத்தில் போய் முடிந்தது. சைவ மெஸ்ஸுக்கு மீன்முள் ஒத்துவராது என்று முடிவு செய்து, காகிதத்தை மடித்து அடுப்பில் வைத்தார்.

மறுநாள் வாசலில் போர்டு ஏறியது. 'டிப்ஸ் இல்லா நாட்கள்: 0.' கூடவே விதிகளும் வந்தன. யாராவது டிப்ஸ் வைத்தால் சம்பவ இடத்தைக் கலைக்கக் கூடாது. கையில் திணித்துவிட்டால் கையை மூடி, மேலே தூக்கி, அப்படியே நிற்க வேண்டும். பிறகு நேரம், மேசை எண், தொகை, வாடிக்கையாளரின் மனநிலை, இனி நடக்காமலிருக்க எடுத்த நடவடிக்கை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மயிரிழையில் தப்பியவற்றுக்குத் தனி நோட்டு. அதில் ஜெரால்ட் முதல் வாரமே எழுதினான்: "மூன்றாவது மேசை. வாடிக்கையாளர் பாக்கெட்டில் கை விட்டார். கைக்குட்டை எடுத்தார். உயிர்ச்சேதம் இல்லை."

போர்டைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு டிப்ஸ் ஞாபகமே வந்தது. அதுவரை பல்குத்தும் குச்சியைக்கூட எண்ணி எடுத்தவர்கள், எண் பூஜ்யமாவதைப் பார்க்கும் ஆசையில் இரண்டு ரூபாய்க் காசு வைத்தார்கள். நாயுடுப்பேட்டையிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் ஐம்பது ரூபாயை நீட்டினார். ஈஸ்வரி பதறிப் பின்வாங்கினாள்.

"டப்பு வேணாமா? இன்னா நைனா ஊரு இது?" என்று அவர் ஜெரால்டைக் கேட்டார்.

"வேணும்ணா. ஆனா நீங்க குடுத்தா நான் அடிபட்ட மாதிரி."

டிரைவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எதிர்ச்சாரியில் மெஸ் நடத்தும் வசந்தகுமார், தினம் ஒரு ஆளிடம் ஒரு ரூபாய் கொடுத்து இங்கே அனுப்பத் தொடங்கினார். அந்த விலைக்கு அவருக்கு வேறு எந்தப் பொழுதுபோக்கும் கிடைத்திருக்காது. இரண்டு மாதம் போர்டு நாலைத் தாண்டவில்லை. பாக்கியராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு எண் ஏறத் தொடங்கியது. ஐந்து, பத்து, இருபது என்று ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. அதே நாட்களில்தான் கை கழுவும் இடத்தில் மூடியில் கீறல் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று முளைத்தது. வசந்தகுமார் அனுப்பிய ஆளின் ஒரு ரூபாயும் யாரோ வழிகாட்டி அதற்குள்ளேயே விழுந்தது.

"ஈஸ்வரி, அது இன்னா?"

"சோப்பு டப்பா சார்."

"சோப்ப காணோம்?"

"தீந்துபோச்சு சார்."

டப்பா கனமாக இருந்தது போலத் தெரிந்தது. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூடாத நேரம் எது என்று தெரிந்தவர்தான் இருபத்திரண்டு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருக்க முடியும். அன்றிலிருந்து பாக்கியராஜ் சமையல்கட்டிலேயே கை கழுவிக்கொண்டார்.

எண்பதைத் தொட்டதும் பூவராகவனுக்குக் கடிதம் போட்டார். பூவராகவன் இப்போது ஓய்வுபெற்று, வட்டாரத் தொழிற்பாதுகாப்பு மன்றம் என்ற ஒன்றுக்குத் தலைவராக இருந்தார். அழைத்தால் எங்கும் போய் ஷீல்டு கொடுப்பார். நூறாவது நாளன்று தானே நேரில் வந்து சாப்பிட்டு, மத்தியானச் சாப்பாடு முடியும் மூன்று மணிக்கு ஷீல்டைத் தன் கையால் தருவதாகப் பதில் வந்தது. பாக்கியராஜ் அந்தப் பதிலைப் பூஜை அறையில் வைத்தார்.

அந்த நாளும் வந்தது. ஃப்ளெக்ஸ், மாலை, போட்டோகிராபர், அழைத்து உட்காரவைத்த பதினைந்து பேர். வசந்தகுமாரும் அழைக்காமலே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் காகிதம் சுற்றிய ஷீல்டு மேசைமேல் இருந்தது. போர்டில் 99. மூன்று மணிக்கு மாட்ட வேண்டிய '100' தகட்டைப் பாக்கியராஜ் அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெர்மாமீட்டர் வைத்த நோயாளி போல நடமாடினார்.

பூவராகவன் நிதானமாகச் சாப்பிட்டார். கத்திரிக்காய்க் குழம்பு இரண்டு தடவை, அப்பளம் நாலு, பாயசம் இலையிலும் டம்ளரிலும். ஈஸ்வரி கேட்டுக் கேட்டுப் போட்டாள். இரண்டு ஐம்பதுக்கு அவருக்கு போன் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே எழுந்தார், கை கழுவினார், திரும்பி வந்தார். வீட்டு வரியைப் பற்றி யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒன்றை எடுத்து, ஈஸ்வரியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, தாடையால் எங்கேயோ காட்டினார்.

ஈஸ்வரி விதிப்படி கையை மூடி மேலே தூக்கினாள்.

"சார். சம்பவம்."

வசந்தகுமார் செருமினார். பாக்கியராஜின் அக்குளிலிருந்து தகடு நழுவி ணங்கென்று விழுந்தது. தொண்ணூற்றொன்பது நாளும், மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அதே மனிதர் கையாலேயே போய்விட்டன. நடக்கவில்லை என்று சொல்லலாமா? பதினைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். போட்டோகிராபர் இரண்டு கோணத்தில் எடுத்திருக்கிறான். ஈஸ்வரி தூக்கிய கை தூக்கியபடி, பஸ்ஸில் கம்பி பிடித்தவள் போல நின்றாள்.

ஜெரால்ட் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "சார், இத கேட்டுக்கு வெளிய எடுத்துக்கினு பூடலாம். எங்கப்பாவ தூக்கிக்கினு போனீங்களே, அந்த மாதிரி."

ஜெரால்டின் அப்பா பீட்டர் அதே கம்பி ஆலையில் லோடு ஏற்றியவர். தொண்ணூற்றேழாம் நாள் அவர் காலில் கம்பிக்கட்டு விழுந்தது. பாக்கியராஜும் மூன்று பேரும் அவரை நாற்காலியோடு தூக்கிப்போய், வாசலுக்கு வெளியே டீக்கடையில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, 'சாலையில் தடுக்கி விழுந்தார்' என்று எழுதிவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். டீ குடித்து முடித்த பீட்டர், ஷிப்டு முடியும்போது அட்டையைப் பஞ்ச் செய்யாவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடுமே என்று, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே திரும்ப உள்ளே வந்துவிட்டார். எதிரே பூவராகவன். பீட்டருக்கு இப்போது அந்தக் காலில் மூன்று விரல்.

"உங்கப்பா மட்டும் உள்ள வராம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் பாக்கியராஜ்.

"அதான் சார் சொல்றேன்," என்றான் ஜெரால்ட், சாம்பாருக்கு உப்பு சரிபார்க்கிறவன் குரலில். "இவர உள்ள வராம பாத்துக்கலாம்."

வேறு வழி இல்லை. பாக்கியராஜ் பூவராகவனின் முழங்கையைப் பவ்யமாகப் பிடித்தார். போனில் இருந்த பூவராகவன், வெளியே போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மாலையைச் சரிசெய்துகொண்டு நடந்தார். பின்னால் கையைத் தூக்கியபடி ஈஸ்வரி. அவளுக்குப் பின்னால் ஜெரால்ட், பதினைந்து பேர், வசந்தகுமார். எதற்கென்று தெரியாமலே இரண்டு பேர் கை தட்டினார்கள். கன்னியம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யோவ், எங்கய்யா ஊர்வலம்? பந்தி முடியல."

மஞ்சள் கோட்டைத் தாண்டி, படி இறங்கி, சர்வீஸ் ரோட்டின் தூசியில் போய் நின்றார்கள். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஈஸ்வரி பாக்கியராஜின் காதருகே குனிந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இங்க குடுத்தா அது எனக்கா, எழுதணுமா?"

"ரோட்டுல நடக்குறதுக்கு மெஸ் பொறுப்பில்ல. உனக்குத்தான்."

"மொடமொடன்னு கீது சார். ஐந்நூறா இருக்கும்."

"இரும்மா. மொதல்ல அவருகிட்ட திருப்பிக் குடு, அப்புறம் அவரு குடுக்கட்டும். முறையா நடக்கணும்."

பூவராகவன் வீட்டு வரிக்காரனை ஒருவழியாகத் திட்டி முடித்துப் போனைப் பையில் போட்டார். வெயிலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், தன் முன்னால் கை தூக்கி நிற்கும் பெண்ணைப் பார்த்தார்.

"என்ன பாக்கியராஜ், நடுரோட்டுல நிக்க வெச்சிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல சார். உள்ள இவங்க கையில ஒண்ணு குடுத்தீங்க பாருங்க. அத வாங்கிக்கினு, இங்க ஒரு தடவ குடுத்தீங்கன்னா போதும். நம்ம நூறு தப்பிச்சிடும்."

"அத எதுக்கு எங்கிட்ட திருப்பித் தர்றீங்க? கல்லாவுல குடும்மான்னு காட்டினேனே."

ஈஸ்வரி கையை இறக்கி, மடிப்பைப் பிரித்தாள். அது திருவள்ளூர் ஷீல்டு கடையின் பில். ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய், பாக்கியராஜ் பெயரில்.