எஸ்டில் மாட்டிய பூட்டு

கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்து மின்சாரக் கூட்டுறவில், கன்ட்ரோல் ரூமில் உட்காரத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். தொற்றுநோய் பரவிய அந்த நாட்களில் அவர்களுக்குக் கிருமி தொற்றினால் மாற்று ஆள் கிடையாது. அதனால் அவர்களில் ஒருத்தியான ரீவா ஸ்காக்ஸை வீட்டுக்கே அனுப்பவில்லை. வளாகத்துக்குள் ஒரு கேரவன் வண்டி நிறுத்தி, அதில் படுத்துக்கொள், இங்கே வந்து வேலை பார் என்று சொல்லிவிட்டார்கள். லைன்மேன்களையும் இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, வண்டிக்கு ஒருவர், ஒரு கோஷ்டி மற்றதன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றாகவே பொய் சொல்லி வளர்ந்த பயல்கள் அவர்கள். இதைவிடச் சம்பளத்தைக் குறைத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

காற்றடித்து ஓய்ந்த மறுநாள், ஆல்டர் பள்ளத்தாக்கில் மின்சாரம் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் கடைசி வீடு ரீவாவுடையது. அங்கே அவள் புருஷன் வர்ஜில் தனியாக இருந்தான். சுரங்கத்தில் நிலக்கரித் தூளைத் தின்று தீர்ந்துபோன நுரையீரல். ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. மெஷின் நின்றுவிட்டதால் அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். மரங்கள் விழுந்து பாதை அடைபட்டதில் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றது.

காலையில் லைன்மேன் எஸ்டில் ராட்லிஃப் அங்கே போய் அறுந்த கம்பியைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தார். மதியத்துக்குள், மருத்துவமனையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்குத் தொற்று உறுதி என்று தகவல் வந்தது. போட்டது போட்டபடி வீட்டுக்குப் போங்கள், யார் பக்கமும் நெருங்க வேண்டாம் என்று மேனேஜர் போனில் சொல்ல, அவரும் போய்விட்டார். மிச்ச வேலையை முடிக்க அவர் கோஷ்டியைச் சேர்ந்த பாய்டை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் கம்பி ஏற்கெனவே இழுத்துக் கட்டியாகிவிட்டது. சுவிட்சைப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுவிட்சில் எஸ்டிலின் பூட்டும், அவர் பெயர் எழுதிய சிவப்பு அட்டையும் தொங்கின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அந்தப் பூட்டு லேசுப்பட்டதல்ல. கம்பியில் ஏறுகிறவன் மின்சாரத்தை நிறுத்தி, தான் மேலே இருக்கும்போது யாரும் சுவிட்சைப் போட்டுவிடாதபடி தன் சொந்தப் பூட்டை மாட்டுவான். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தன் வாயால் எடுக்கச் சொல்ல வேண்டும். அப்பனே வந்தாலும் வேறு கை படக் கூடாது. எஸ்டிலோ போனை எடுக்கவில்லை.

ரீவா குட்டி போட்ட பூனைபோல் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஆறிப்போன காப்பியை மறுபடி சூடாக்கிக் குடிக்காமல் விட்டாள். மறுபடி எஸ்டிலுக்கு அடித்தாள். மணி மட்டும் அடித்தது.

மேனேஜர் கூப்பிட்டார். "பூட்டை வெட்டிடச் சொல்லு ரீவா. எஸ்டில் வீட்டுல இருக்கார், நானே அனுப்பினேன். கம்பத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. அங்க உன் வீட்டுக்காரரும் இருக்காரும்மா."

அதுதான் அவளைச் சுட்டது. யார் எந்த லைனில் இருக்கிறார்கள் என்று காட்டும் அவள் போர்டிலும் அந்த லைனில் ஆள் யாரும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் பாய்ட் வெட்டிவிடுவான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எஸ்டில் வாயால் கேட்காமல் முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வர்ஜிலுக்குப் போன் போட்டாள். பூட்டு விஷயத்தைச் சொன்னாள். வெட்டு என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கினாள். சொல்லிவிடுவானோ என்று பயந்தாள்.

"சிலிண்டர்ல முக்கால்வாசி இருக்குடி," என்றான், மூச்சை நடுவில் வாங்கிக்கொண்டு. "நீ இல்லாம வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? போய் வேலையைப் பாரு."

பொய். கல்யாணமான நாளிலிருந்து அவன் பொய்யை அவள் அறிவாள்.

எஸ்டில் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரைப் போனில் பிடித்தாள். உள்ளே போக வேண்டாம், துடைப்பக்கட்டையால் படுக்கையறை ஜன்னலை இடியுங்கள், கண்ணாடி உடைந்தால் நான் பொறுப்பு என்றாள். இடித்தார். காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கிக்கிடந்த எஸ்டில் ஒருவழியாகப் போனில் வந்தார்.

"பூட்டை எடுக்கலாமா எஸ்டில்?"

அவர் கேட்ட முதல் கேள்வி: "டுவைட் இறங்கிட்டானா?"

ரீவா போர்டைத் திரும்பிப் பார்த்தாள். டுவைட் டாக்கெட் மற்ற கோஷ்டி. காலையிலேயே தன் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன் என்று வயர்லெஸ்ஸில் சொன்னவன்.

எஸ்டில் இருமி இருமிச் சொன்னார். தனியாள் கஷ்டப்படுகிறாரே என்று டுவைட் திருட்டுத்தனமாகக் கைகொடுக்க வந்திருக்கிறான். சேரக் கூடாதென்று உத்தரவு இருப்பதால் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அவன் மேட்டுக்கு அந்தப்பக்கம் கடைசிக் கம்பங்களில் இருந்தான்; போனும் எட்டாது, வயர்லெஸ்ஸும் எட்டாது. "என் பூட்டு தொங்குதே, நான் சொல்லாம யாரு போடப்போறான்னு நம்பித்தான் வீட்டுக்கு வந்தேன் ரீவாம்மா. உடம்பு அசத்திடுச்சு."

ஒரே வண்டியில் போன காலமாக இருந்தால் தன் ஆளை விட்டுவிட்டு எஸ்டில் வண்டியைக் கிளப்பியே இருக்க மாட்டார். ரீவா பாய்டை மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓட்டச் சொன்னாள். அந்த நேரம் நகரவே மாட்டேன் என்றது. கடைசியில் வயர்லெஸ்ஸில் பாய்டின் குரல் வந்தது. "மேலதான் இருந்தான், கையில கம்பியோட. இப்ப ரெண்டு காலும் தரையில. என் முகத்துல விழிச்சதுக்கு மன்னிப்பு வேற கேக்குறான்."

அதை எஸ்டிலிடம் சொன்னாள். எடுங்கள் என்று அவர் வாயால் சொன்னார். பாய்ட் திரும்பி வந்து பூட்டை வெட்டினான், சுவிட்சைப் போட்டான். போர்டில் ஆல்டர் பள்ளத்தாக்கு உயிர்பெற்றது.

ரீவா வீட்டுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அவசரத்தில் எண் தப்பியது. கொன்றுவிட்டேனா என்று வாய்விட்டே கேட்டாள், அந்த அறையில் யாருமில்லாமல். நான்காவது தடவை யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. ஆனால் பின்னால் மெஷின் உறுமுவது கேட்டது, அவளைப் பல வருஷமாகத் தூங்கவிடாத அதே உறுமல். காதைப் போனோடு அழுத்திக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து வர்ஜிலின் குரல் வந்தது.

"கம்பத்துல யாராவது இருந்தாங்களா?"

"இருந்தான். டுவைட்."

இரண்டு மூச்சு இழுத்தான்.

"அப்ப சரி," என்றான்.