சட்டைப் பையில் ஒளிந்த பல்பு

எங்கள் வீட்டில் பசித்த குழந்தைகூட, "சும்மாதான் கேக்கறேன், பால் இருக்கா?" என்றுதான் கேட்கும். தேவையைக் காட்டினால் விலை ஏறும். அப்பாவின் கடையில் நாங்கள் படித்த முதல் பாடம் அது. அதில் நான் நூற்றுக்கு நூறு. அக்கா ஃபெயில். அதனால்தான் அவள் வியாபாரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போனாள்.

அவளிடம் ஒரு குட்டி டிராக்டர் உண்டு. கடல் தாண்டி வந்தது. வாசல் கதவிலேயே நுழைந்துவிடும் போலிருக்கும் உருவம் என்பதால் அதற்குக் 'குள்ளன்' என்று பெயர். ஒரு பெரிய மருத்துவமனையின் தோட்ட வேலை, முழுதாக ஒரு வருடத்துக்கு, அவள் கைக்கு வருகிற நேரம். ஒரே நிபந்தனை: தோட்டத்துக்குப் போகும் பாதை கட்டடத்துக்கு அடியில் இருட்டாகப் போகிறது, ஆகவே வண்டியின் முன்விளக்கு இரண்டும் எரிய வேண்டும். மேற்பார்வையாளர் அன்று மாலை நாலு மணிக்கு வந்து பார்ப்பார். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. குள்ளனுக்கோ இரண்டு கண்ணும் பொட்டை.

டிராக்டர் விற்ற கம்பெனியில் கேட்டால், "வெளிநாட்டுலேருந்து வரணும், இருபது நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கருகிய பல்பு ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"கடைத்தெருவுல இதே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வா. வாயைக் காட்டாதே, பல்பைக் காட்டு."

"அக்கா, யார்கிட்ட சொல்றே?"

"உன்கிட்டதான்டா. அதான் பயமா இருக்கு."

வண்டிச் சாமான் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். பார்த்ததுமே தெரிந்தது, பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமி. நான் பல்பைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த ஒரு பழைய பெட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, லாரி ஹாரன் என்ன விலை என்று ஆரம்பித்தேன். அவர் சொன்னதில் பாதி கேட்டேன். சிரித்தார். எழுந்து போவதுபோல் போனேன். கூப்பிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, பாவி மனுஷன், என் விலைக்கே சம்மதித்துவிட்டார். கேட்ட விலைக்குக் கொடுத்த பிறகு வாங்காமல் போனால் எங்கள் குலத்துக்கே இழுக்கு. ஹாரனை வாங்கினேன்.

"அப்படியே ஹெட்லைட் பல்பு ஒரு ரெண்டு போடுங்க" என்றேன், கொட்டாவி விட்டபடி.

"எந்த வண்டிக்கு?"

"சும்மா, பொதுவா. ஒரு தெரிஞ்சவருக்கு."

"பொதுவான வண்டியை நான் பார்த்ததில்லையே தம்பி. அளவு?"

"இத்தனூண்டு இருக்கும்" என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

அவர் என் கட்டைவிரலுக்குப் பொருத்தமான பல்பைக் கொடுத்தார். அதிலும் விலையைக் குறைத்து, வெற்றிவீரனாகத் திரும்பினேன்.

குள்ளனுக்கு அது சேரவில்லை. கழுத்து பெருத்த பல்பு, ஓட்டை சிறுத்த விளக்கு. மணி மூன்று. அக்கா ஹாரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடையில் நுழைந்ததும் என் பையில் கைவிட்டுக் கருகிய பல்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அண்ணே, ஒரு குட்டி டிராக்டரோட பல்பு இது. நாலு மணிக்குள்ள ரெண்டு வேணும். இல்லேன்னா ஒரு வருஷ வேலை என் கையை விட்டுப் போயிடும். நீங்க சொல்றதுதான் விலை."

அப்பா கேட்டிருந்தால் படுக்கையில் விழுந்திருப்பார்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "இது பழைய ஸ்கூட்டர் பல்புமா. அந்த ஸ்கூட்டரே இப்ப ஓடறதில்ல. வாங்க ஆளில்லாம ஒரு பெட்டி கிடக்கு." பிறகு என்னிடம், "தம்பி, முழங்கையைக் கொஞ்சம் எடுங்க."

நான் மறுபடியும் அதே பெட்டியில்தான் சாய்ந்திருந்தேன்.

"முக்கால் மணி நேரம் இதுமேலதான் படுத்திருந்தார் உங்க தம்பி" என்றார். "கிடந்த சரக்குதானே, கொடுக்கறதைக் கொடுங்கம்மா." நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பணத்தை வைத்துவிட்டாள்.

நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, மருத்துவமனை வாசலில் குள்ளன் இரண்டு கண்ணையும் திறந்தான். ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கிய மேற்பார்வையாளர் கெடுபிடியான மனிதர். வெயிலில் வெளிச்சம் தெரியாது என்று தொப்பியைக் கழற்றி விளக்குக்கு ஒவ்வொன்றாகக் குடை பிடித்துப் பார்த்தார். இருட்டுப் பாதைக்குள் ஓட்டச் சொல்லி, பின்னாலேயே நடந்துபோய் வந்தார். கடைசியில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

போகிறவர் நின்றார். வானத்தைப் பார்த்தபடி, "இந்தப் பல்பெல்லாம் எங்கே கிடைக்குது?" என்றார்.

"ஏன் சார், உங்களுக்கு வேணுமா?"

"சேச்சே, எனக்கு எதுக்கு? சும்மா, பொதுவாக் கேட்டேன். ஒரு தெரிஞ்சவருக்கு."

அடடா, நம்ம ஆள்! அந்தத் தகவலுக்கு விலையை எங்கே தொடங்கலாம் என்று நான் யோசிப்பதற்குள், அக்கா என் காலை மிதித்துக்கொண்டே கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள்.